மைதானத்தில் எழுபது

இந்த வருடம் எப்படியாவது எழுபது வயதாகிவிடுவது என்று தீர்மானித்தேன்.

மற்ற ஆண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள். எங்கள் டென்னிஸ் கிளப்பில் மூத்தோர் போட்டி ஆடுகிறவர்கள் வயது ஏறாதா என்று ஏங்குவார்கள். அறுபத்தைந்து தாண்டியோர் பிரிவில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருந்தார். பச்சைக் குழந்தை, அறுபத்தாறுதான். பந்தை வலையை ஒட்டி மெத்தென்று போடுவார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் அது குதித்து முடித்துப் படுத்துவிடும். எழுபது தாண்டியோர் பிரிவிலோ ஆட வருவது இரண்டே பேர். ஒருவருக்கு முழங்கால் மூட்டு மாற்றியிருக்கிறார்கள். இன்னொருவருக்குக் காது மந்தம். 'அவுட்' என்று கத்தினாலும் ஆடிக்கொண்டே இருந்து, பாதியில் களைத்துவிடுவார்.

எனக்கு எழுபது நிறைய இன்னும் பத்து மாதம் இருந்தது. ஆனால் கிளப்பின் டென்னிஸ் இயக்குநர் நான். போட்டிக்கு வருகிறவர்களின் வயதைச் சரிபார்க்கிறவனும் நானே. என்னை நான் சரிபார்த்தேன். திருப்தியாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். எழுபது நிறைந்துவிட்டால் இயக்குநர் நாற்காலியை விட்டு விலக வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எனக்கு முன் இருந்தவரைக் கிளப்பிலிருந்து கிளப்ப நானே எழுதிய விதி. அதனால் என்ன? மைதானத்தில் எழுபது, அலுவலகத்தில் அறுபத்தொன்பது. யார் இரண்டையும் ஒட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

மனைவியிடம் மட்டும் சொன்னேன். சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அவள் துவைத்த சாக்ஸை ஜோடி சேர்த்துக்கொண்டே கேட்டாள்.

"துணை இயக்குநர் இடம் காலியா இருக்கே, என்னைப் போடச் சொன்னேனே. போட்டீங்களா?"

ஆடக் கோர்ட் கேட்டு வீட்டுக்கு வரும் ஃபோனையெல்லாம் எடுத்து, யாருக்கு எந்த நேரம் என்று ஒதுக்குவது பல வருடங்களாக அவள்தான். அதற்காகப் பதவியா? நிர்வாகம் என்றால் என்ன என்று கால் மணி நேரம் விளக்கினேன். நல்ல விளக்கம்.

"சரிங்க" என்றாள்.

இறுதி ஆட்டத்தில் மூட்டுக்காரரை இடமும் வலமுமாக ஓடவிட்டுக் கோப்பையை வென்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் தாங்கக்கூடிய வெட்கம்.

அடுத்த ஞாயிறு மாலை வீட்டுக்குள் நுழைந்தால் கூடம் நிறையக் கிளப் கமிட்டி. நடுவில் கேக், அதன்மேல் 70. பக்கத்தில் என் கோப்பை. பிரிவுபசார விழாவாம். நானே எழுதிய விதியை நானே மதித்து விலகுவது பெருந்தன்மை என்று தலைவர் கண் கலங்கப் பேசினார். விலகுவதாகச் சொல்ல எனக்குக் கூச்சம் என்று என் மனைவிதான் அவருக்குத் தகவல் கொடுத்தாளாம்.

அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன்.

"எனக்கு அறுபத்தொன்பதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுமே."

"அப்போ போய்ச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்க. கோப்பையைத் துணியில சுத்தித் தரேன். அப்படியே மூட்டுக்காரர் கையில குடுத்துடுங்க. இங்கதானே உக்காந்திருக்காரு."

கதவிடுக்கில் பார்த்தேன். அவர் முழங்காலைத் தடவியபடி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் போலீஸ்காரர்.

"அவரை எதுக்குக் கூப்பிட்டே?"

"ரிட்டயர் ஆனவர்தாங்க. பயப்படாதீங்க."

நான் வெளியே வந்து கேக்கை வெட்டினேன். எழுபது ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கைதட்டினார்கள்.

அடுத்த இயக்குநர் யார் என்று பேச்சு வந்தது. உறுப்பினர் அத்தனை பேரையும், அவரவர் ஆடும் நேரத்தையும் அறிந்தவர் இந்த வீட்டிலேயே இருக்கிறாரே என்றார் செயலாளர். நான் இருமினேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கேக் தீர்வதற்குள் முடிவாகிவிட்டது.

மறுநாள் காலை மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இயக்குநர் ஃபோனும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஆடத்தான்."

"காலையில வேலைக்குப் போறவங்க ஆடுவாங்க. எழுபது தாண்டினவங்களுக்கு மத்தியானம் ரெண்டு மணி."