தலைப்பில் தொங்கிய ஸ்டைல் ஷீட்

என் அக்காள் பெற்ற கணினிப் பேரரசியான மருமகளுக்கு, பூட்டுக் கடை மாமா குனியாத கழுத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம். கடையின் இணையப் பக்கம் மட்டும் நலமில்லை.

அதை நானே செய்து முடிப்பேன் என்று நான் சபதமிட்டதும், கடையில் பாதிப் பங்குக்காரரான உன் அப்பா, "மச்சான், சனிக்கிழமை மதியத்துக்குள்ள பக்கம் பாக்குற மாதிரி வரலேன்னா வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்" என்று மிரட்டியதும் உனக்குத் தெரியும். நீயும் போனில், "மாமா, நிறம், எழுத்து அளவு எல்லாம் ஸ்டைல் ஷீட்னு ஒரு தனி ஃபைல்ல இருக்கட்டும். அதைக் கூப்பிட ஒரே ஒரு லிங்க் வரி, அதைத் தலைப் பகுதியில போடுங்க" என்றாய். நான் அப்போது சாவி அறுத்துக்கொண்டிருந்தேன். அந்த இயந்திரம் 'பகுதி'யைக் கடித்துத் தின்றுவிட்டது. 'தலைப்புல போடுங்க' என்றுதான் என் காதுக்கு வந்து சேர்ந்தது. போட்டேன். பக்கத்தின் தலைப்புக்குள்ளேயே, கடைப் பெயரை ஒட்டி, அட்சரம் பிசகாமல் போட்டேன்.

திரையின் உச்சியில் அந்த வரி முழுதும் பெயர்ப்பலகை மாதிரி தொங்கியது. கீழே பக்கமோ வெள்ளை அடித்த சுவர், அதில் வெறும் கறுப்பு எழுத்து. கணினியை நாற்பது முறை அணைத்து எழுப்பினேன், ஃபைலுக்கு ஏழு விதமாகப் பெயர் வைத்தேன், கடைசியில் நாற்காலியையும் மாற்றிப் பார்த்தேன். பூட்டு வாங்க வந்தவர் எட்டிப் பார்த்து, "என்னங்க, இரங்கல் செய்தியா?" என்றார். நான் எழுந்த வேகத்தில் தெருவே அரையடி நகர்ந்தது.

"அவகிட்டயே இன்னொரு தடவை கேளுங்களேன்" என்றாள் உன் அத்தை.

"கேக்கமாட்டேன்! பத்தாயிரம் பூட்டைத் திறந்தவன் ஒரு வரிகிட்ட தோக்கணுமா?"

ஆகவே உலகறியச் சொல்கிறேன்: தனி ஃபைல் என்பதே சதி. ஒன்பது பக்கங்களுக்கும், ஒவ்வொரு வரிக்கும், என் கையாலேயே நிறம் பூசுவேன். உன் அப்பா சனிக்கிழமையைத் தூக்கிக்கொண்டு வரட்டும், பார்க்கலாம்!

உன் விசைப்பலகையில் ஒரு எழுத்தும் சிக்காமல் நீ நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
வளையாத மாமா

பின்குறிப்பு: மேலே உள்ளதை நம்பாதே. நான் உறை தேடப் போன நேரத்தில் அத்தை அந்த வரியைத் தலைப்புக்கு வெளியே எடுத்து, திரையில் தெரியாத தலைப் பகுதியில் வைத்துவிட்டாள். பக்கம் மயிலாக நிற்கிறது. மற்ற எட்டிலும் அதே வரியை ஒட்டினாள். அவையும் மயில்கள். உன் அப்பா பார்த்தார், மகிழ்ந்தார், பொறுப்பு முழுவதையும் அவளிடமே கொடுத்துவிட்டார். கடைப் பெயரைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி நான் மனுக் கொடுத்திருக்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம்.