ஈப்பிடிப்பான் முட்டையிட்டதால் கல்யாணத்தைத் தள்ளிவைக்கக் கோரி

அன்பும் மதிப்பும் மிக்க சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தங்கள் ரத்த அழுத்தமும் நலமாக இருக்கும் என்று நம்புகிறேன். இல்லையென்றால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே படியுங்கள். ஃபோனில் சொன்னால் கத்துவீர்கள் என்பதால் கடிதம்.

கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள். படமெல்லாம் நானே எடுப்பதாக வாக்குக் கொடுத்து, தாங்கள் பேசி வைத்திருந்த ஆளையும் வேண்டாமென்று சொல்ல வைத்தேன். என் கேமராவில் இப்போது ஒரு குடும்பம் குடியிருக்கிறது.

ஸ்டூடியோவை மூடியதிலிருந்து எனக்குக் காட்டுப் பறவைப் பைத்தியம் என்பது தாங்கள் அறிந்ததே. முப்பத்தைந்து வருஷம் பாஸ்போர்ட் படம் எடுத்த கை; பச்சைக்கிளியானாலும் இரண்டு காதும் தெரிய நேராகப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்வதற்குள் எல்லாம் பறந்துவிடுகின்றன. இதுவரை சேர்ந்திருப்பது நானூறு காலிக் கிளைகள். கல்யாணத்துக்கு முன் ஒரு முகமாவது கிடைக்காதா என்று காட்டோர விடுதிக்கு வந்து, வராந்தாவில், அத்திமரத்தைப் பார்க்கக் கேமராவை அதன் முக்காலியில் நிறுத்தினேன். அன்றைக்கே காய்ச்சல், மழை வேறு. பத்து நாள் போர்வைக்குள் கிடந்துவிட்டு எழுந்து வந்து பார்த்தால், லென்ஸ் முனையில் வெயில் படாமலிருக்க மாட்டும் குழல் இருக்கிறதே, அதற்குள் பாசியும் வேரும் வைத்துக் கூடு கட்டி, நீல முதுகும் ஆரஞ்சுத் தொண்டையுமாக ஓர் ஈப்பிடிப்பான் அடைகாக்கிறது. நான்கு முட்டை. அதுவும் எப்படி, லென்ஸையே பார்த்து, தாடையைத் தூக்கி, அசையாமல். வாழ்நாளெல்லாம் நான் கேட்ட முகம். ஆனால் அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகாது.

"பொரிச்சுப் பறக்க இருபத்தஞ்சு நாளாகும் சார். அதுவரைக்கும் கேமரா அவங்களோடது" என்று வனக்காவலர் சொல்லிவிட்டார். வேறு கேமரா வாங்கித் தொலைக்கும்படி வீட்டுக்காரி சொல்கிறாள். பழகாத கேமராவில் பெற்ற பெண்ணை எப்படி எடுப்பது? ஆகவே தேதியை ஒரு மாதம் தள்ளிவைக்கும்படி கெஞ்சிக் கேட்கிறேன். அழைப்பிதழில் பேனாவால் திருத்தினால் போதும். யாராவது காரணம் கேட்டால், பெண் வீட்டில் பிரசவம் என்று சொல்லுங்கள். வேண்டாம், அது வேறு மாதிரி ஆகிவிடும். காய்ச்சல் என்றே சொல்லுங்கள்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். தங்கள் வீட்டம்மாவுக்கு வணக்கம். அவர் சாப்பிட்டு முடித்த பிறகு விஷயத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி
(தாங்கள் இன்னும் அப்படி நினைத்தால்)

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் என்னை அழைத்துப்போக மகள் வந்துவிட்டாள். கடிதத்தைப் படித்தாள். பறவை இரை தேடப் போன சமயம் பார்த்து, குழலைக் கால் சுற்றுத் திருகிக் கூட்டோடு கழற்றி, கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு, முக்காலியின் தலையிலேயே குழலைத் துணியால் கட்டினாள். பறவை திரும்பி வந்து ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்துகொண்டது. தேதியை மாற்ற வேண்டாம்.

"இது கழலும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?" என்று கேட்டாள்.

"தெரியும். இன்னும் ஒரு மாசம் நீ வீட்டுல இருப்பேன்னு பார்த்தேன்" என்றேன்.