வியாழனுக்கு மேலே முப்பதாயிரம் கிலோமீட்டர்

ஓசூரில் ஒருவரிடம் மட்டும் யாரும் தன் எடையைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் நம்மைப் பூமியில் விட்டுவைக்கவே மாட்டார்.

எங்கள் கம்பெனி கேட்டில் லாரி எடை மேடை அவர் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் 'கிராவிட்டி'. எடைச் சீட்டைக் கிழித்ததும், இதே லோடு நிலாவில் எவ்வளவு, செவ்வாயில் எவ்வளவு என்று அதன் பின்னால் பேனாவால் எழுதிவிடுவார். ஒருமுறை பன்னிரண்டு டன் போன சீட்டில் நிலாக் கணக்கை மட்டும் படித்த பெங்களூர் பார்ட்டி, "எரடு டன்னா? பாக்கி எல்லி?" என்று, மீதி பத்து டன் எங்கே எனக் கன்னடத்தில் போனில் குதித்தார். மேனேஜர் கிராவிட்டியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

"நெலா ஆறுல ஒரு பங்குதான் இழுக்கும் சார். கணக்கு தப்பா?"

"கணக்கு சரிதான்யா..."

"அப்புறம் என்ன சார்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

என் மகள் எட்டாம் மாதமே பிறந்துவிட்டாள். ஒரு கிலோ அறுநூறு கிராம். இரண்டு கிலோ ஆனால்தான் வீட்டுக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள், நாங்கள் வெளியே, பயந்து செத்துக்கொண்டிருந்தோம். விசாரிக்கப் போன் செய்த கிராவிட்டியிடம் எடையைச் சொல்லித் தொலைத்தேன்.

"வியாழனுக்கு மேல முப்பதாயிரம் கிலோமீட்டர்ல வெச்சா, அங்க இழுக்குற இழுப்புக்கு பாப்பா இப்பவே ரெண்டு கிலோ தம்பி!"

என் மனைவி காதில் விழுந்துவிட்டது. "புள்ள உசுருக்குப் போராடுது, அந்தாளுக்கு வெளையாட்டா? வைங்க போனை!"

அவர் விடவில்லை. தினமும் கேட்டார். ஒன்று எழுநூற்றைம்பது ஆனபோது, "நெப்டியூன்ல ரெண்டு! நிக்கத் தரை இல்ல, அது வேற விஷயம்" என்றார். பிறகு நாலு நாள் எடை ஏறவே இல்லை. "கிரகம் எங்கயும் ஓடிடாது தம்பி, இரு" என்றார். அதற்குள் என் மனைவியே, "ஏங்க, இன்னிக்கு எங்க இருக்கான்னு கேட்டீங்களா?" என்று ஆரம்பித்துவிட்டாள். ஒன்று எண்ணூற்று எண்பதில் பதில் வந்தது.

"சனியில ரெண்டு!"

"ஐயையோ, சனியா? எம்புள்ள அங்க எதுக்கு? சீக்கிரம் தாண்டச் சொல்லுங்க!"

ஒரு காலை நர்ஸ், இரண்டு கிலோ பத்து கிராம் என்றார். நானே போன் செய்து சொன்னேன்.

"அண்ணா, எந்தக் கிரகம்?"

"கணக்கே வேணாம் தம்பி. நம்ம பூமியிலயே ரெண்டு கிலோ. கூட்டிட்டு வா."

அந்தக் கிறுக்கு மனிதர் இல்லாவிட்டால் அந்த நாட்களை நாங்கள் தாண்டியிருக்கவே மாட்டோம். என் மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"கெளம்பி வாங்கண்ணா. மொதல்ல நீங்க தூக்குங்க."