ஃபைலில் இல்லாத மனைவி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. தங்கள் வீட்டில் எல்லோரும் சுகம் என்று தெரியும். இந்த வீட்டுச் சுகம்தான் போன வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்துவிட்டதே. என்ன சண்டை என்று தாங்கள் விசாரித்ததற்கு, அவரையே கேளுங்கள் என்றாளாம். ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு நான் சும்மா இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. நம் குடும்பப் போட்டோக்கள் எவனோ ஒருவனுடைய கம்ப்யூட்டரில் ஏன் கிடக்க வேண்டும் என்று ஒரு ரோஷம் வந்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிச் செருப்பு அலமாரிக்குள் வைத்து, போட்டோ, பாட்டு, வாசல் கேமரா, விரலை வைத்தால் திறக்கும் கதவுப் பூட்டு எல்லாவற்றையும் அதிலேயே ஓடவிட்டேன். செருப்பெல்லாம் சோபாவுக்கு அடியில் போனது, அதற்கே உங்கள் தங்கை முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் நான் போட்ட சிஸ்டம் லேசுப்பட்டதல்ல மச்சான். அதைக் கையால் தட்டிக்கொட்டிச் சரிசெய்யவே கூடாது. வீட்டில் என்னென்ன வேண்டும், யார் யார் உண்டு என்று ஒரே ஒரு ஃபைலில் எழுதிவிட்டால் போதும், தன்னைத் தானே அப்படியே கட்டிக்கொள்ளும். எழுதாதது எதுவாக இருந்தாலும் அடுத்த முறை கட்டும்போது துடைத்துப் போட்டுவிடும்.

ஒரு நாள் அவசரமாகப் போட்டோ பார்க்க வேண்டும் என்றாள். ஃபைலைத் திறக்கச் சோம்பல்பட்டு, அவள் பெயரில் உள்ளே நுழையக் கையாலேயே ஒரு கணக்கைப் போட்டுக்கொடுத்தேன், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று. அந்த அப்புறம் வரவே இல்லை. போன வாரம் பிரிண்டரைச் சேர்ப்பதற்காக எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினேன். அன்றைக்கென்று பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பேத்தி படத்தைக் காட்டுகிறேன் என்று இவள் டிவியைப் போட்டுத் தன் பெயரைக் கொடுத்தாள். இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று கொட்டை எழுத்தில் வந்தது. தப்பு மெஷின் மேல் இல்லை என்று நிரூபிக்க, நான் அந்த ஃபைலையே டிவியில் திறந்து காட்டினேன். புத்தி அப்படிப் போனது. அவள் நிதானமாகப் படித்தாள்.

"பிரிண்டர் இருக்கு. கேமரா இருக்கு. வர்றவங்க போறவங்களுக்குக்கூட ஒரு கணக்கு இருக்கு. நான் எங்க?"

உன்னைக் கையால் போட்டேன், அதனால்தான் நிற்கவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். வந்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். விட்டேனா? இந்த சிஸ்டத்தில் ஒரே பட்டனில் நேற்றைய நிலைமைக்குத் திரும்பிவிடலாம், கவலைப்படாதே என்று தேற்றினேன்.

"எனக்கு அந்தப் பட்டன் இல்ல," என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

மச்சான், இங்கே எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. வீடுதான் வெறிச்சென்று கிடக்கிறது. அவள் வருகிறாளா என்று நாளெல்லாம் வாசல் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணில் படுவது தபால்காரர்தான். பிராயச்சித்தமாக அவள் பெயரை ஃபைலில் முதல் வரியிலேயே, முழு அதிகாரத்தோடு எழுதி, எங்கிருந்தும் உள்ளே வரும்படி பாஸ்வேர்டும் அனுப்பிவிட்டேன். அதை வைத்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது, ஒரு மரியாதைக்குத்தான். இந்த வீட்டுக்கு நான்தான் ஆதாரம் என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவளை உடனே அனுப்பிவைக்கவும்.

தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

குறையாத அன்புடன்,
உங்கள் தங்கை வீட்டுக்காரர்

பி.கு.: அவளை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவரலாம் என்று வெளியே வந்தேன். கதவு சாத்திக்கொண்டது, எத்தனை முறை விரலை வைத்தாலும் திறக்கவில்லை. போனில் கேட்டால், ஃபைலைக் கொஞ்சம் சுத்தம் பண்ணினேன் என்கிறாள். மாற்றுத் துணிகூட உள்ளேதான் இருக்கிறது. இதைக் கையில் எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறுகிறேன். என்னைத் திரும்ப எழுதச் சொல்லி நீங்கள்தான் அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்.