ஏழாம் ஆள் முகாமை முற்றுகையிட்ட படலம்

“ஆறு பேருக்கு மேல ஒரு ஈ கூட உள்ள போகாதுண்ணே!”

“ஈ கெடக்கட்டும்த்தா, நான் பொண்ணுக்குத் தாய்மாமன்!”

இடியோடு இடி மோதிய இவ்வோசையால் நாகமலை அடிவாரத்துக் கூடார முகாம் கிடுகிடுக்க, வாசலில் நின்றான் ஒத்தக்கடை விருமாண்டி. நாற்பதைத் தொட்டும் எந்தப் பெண்ணுக்கும் பிடிபடாத மார்பினன், தலையில் கறி அண்டாவும் தோளில் கேஸ் அடுப்பும் சுமந்த மலையன்ன மேனியன், அக்காள் மகள் முத்துமீனாவுக்கு வாய்த்த ஒரே மாமன். வாழ்க அவன் மீசை!

எதிரே, விசிலே வெற்றிச்சங்காக, பிளாஸ்டிக் நாற்காலியே தேர்த்தட்டாக வீற்றிருந்தாள் காவற்கோமகள் ராக்கம்மாள். தன்னைத் தேடிவந்த வரன்களையும் வாசலோடு திருப்பியனுப்பிய வைராக்கியவதி. அவள் தலைக்கு மேல் பலகை முழங்கியது: இடமொன்றுக்கு ஆறு பேர், ஒரு கூடாரம், ஓர் அடுப்பு.

உள்ளே நடந்ததோ பெண் பார்க்கும் வைபவம். சும்மா சுற்றுலா வந்தாற்போல் பார்த்துக்கொள்ளட்டும் என்று இடம் பிடித்தவர் அக்காள் புருஷன் பால்பாண்டி. முத்துமீனா, மாப்பிள்ளை அருண்பாண்டி, இருவரையும் பெற்ற நால்வர், ஆக ஆறு பேர் என்று கணக்குப் போட்டவர், மச்சினனை எண்ண மறந்தார். மாமன் முறுக்கிக்கொண்டு திரும்பினால் கல்யாணம் கவிழும் என்பது ஊரறிந்த சேதி.

அப்போரை என்னென்பது! வெள்ளம்போல் அவன் பாய, கரைபோல் அவள் மறிக்க, வேலியோரம் நுழைந்தவனை விசிலால் வீழ்த்த, அண்டாவையாவது அனுப்பென்று அவன் இறைஞ்ச, “அடுப்பு ஒண்ணுதான், அதுல அவுக காப்பி கொதிக்குது” என்று அவள் அறைய, வெகுண்டெழுந்த விருமாண்டி உலகதிர முழங்கினான்:

“உள்ளதான சட்டம்? வெளிய இல்லேல்ல?”

வாசலுக்கு வெளியே புளியமரத்தடியில் அடுப்பு மூண்டது. சீரகமும் மிளகும் கறியும் கலந்து கொதித்த மணம் படைதிரட்டி வேலி தாண்டியது. மாமனில்லாமல் பேச்செடுக்கக் கூடாதென்று வெறுங்காப்பி குடித்து வானம் பார்த்திருந்த அறுவரும் ஓடிவந்து அண்டாவைச் சூழ்ந்தனர். அங்கேயே வெற்றிலை மாற்றினர். காசு கட்டிப் பிடித்த கூடாரத்தில், விதிமுறை வழுவாமல், ஒற்றைக் காகம் உலாவியது.

முதல் கரண்டி யாருக்கு விழுந்தது என்கிறீர்கள்? சம்பந்திக்கா? அந்தக் கதையே வேண்டாம். காவற்கோமகள் கைநீட்டிச் சுவைத்தாள், கண்மூடினாள், தீர்ப்பளித்தாள்.

“உப்பு கம்மி.”

யாருக்கும் சாயாத மார்பு அவ்விடத்தே சாய்ந்தது.

முத்துமீனா அருண்பாண்டியைக் கட்டிக்கொண்டு தல்லாகுளம் போனாள். விருமாண்டி ராக்கம்மாளைக் கட்டிக்கொண்டு திருமங்கலத்துக்குக் குடிபோய்விட்டான், வீட்டில் சமையல் அவன்தான்.