சொட்டுமருந்து அக்காவும் ஊமத்தைக் கூட்டமும்

கோயம்புத்தூர் முழுக்கத் தேடினாலும் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டிய பேச்சு சொட்டுமருந்து அக்காவுடையது ஒன்றுதான். வேறு வழியும் கிடையாது. கண் ஆஸ்பத்திரி பெஞ்சில் எல்லோரையும் வரிசையாக உட்கார்த்திச் சொட்டு விட்டு, "மூடுங்க. நாஞ் சொல்ற வரைக்கும் தொறக்கப்படாது" என்று சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். கண்ணை மூடியவன் எங்கே ஓடுவது?

நான் அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு வார்ப்படப் பட்டறையில் இருந்தேன். அதற்கு முன் சாயப்பட்டறை, அதற்கும் முன் லாரி கிளீனர். வலது கண்ணில் இரும்புத்தூள் தெறித்துப் புண்ணாகிவிட்டது. பார்வை தங்குமா என்று கேட்டேன். டாக்டர் தினமும் வந்து சொட்டு விட்டுக்கொள்ளச் சொன்னார்.

மற்றவர்களுக்கு லேசான மருந்து. எனக்கு அட்ரோபின்.

"இது ஊமத்தங்கா கூட்டத்துச் சரக்குங்க" என்றார் அக்கா.

எங்கள் பக்கம் பெண் கேட்கப் போனால் முதல் கேள்வியே என்ன கூட்டம், அதாவது என்ன குலம், என்பதுதான். ஒரே கூட்டமென்றால் பங்காளி; கல்யாணம் கிடையாது. அக்கா செடிகளுக்கும் கூட்டம் பிரித்து வைத்திருந்தார். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை, சுண்டை, தூதுவளை, புகையிலை எல்லாம் ஊமத்தைக்குப் பங்காளிகளாம்.

"எங்க பையன் சுண்டச்செடி மேல தக்காளிய ஒட்டுக் கட்டிப்போட்டானுங்களே?" என்றார் பக்கத்தில் கண் மூடியிருந்த அன்னூர் விவசாயி.

"பங்காளிக்குள்ளயே முடிச்சுப்போட்டானுங்க. அதுக்கு நாம என்ன பண்றது?"

பெஞ்சே சிரித்தது, ஒருவரும் கண் திறக்காமல்.

"அந்தக் கூட்டத்துக்கு வெசந்தானுங்க சொத்து. மொளகா காரமா வெச்சிருக்குது, பொகையெல நிகோடினா வெச்சிருக்குது. ஊமத்தையோடது கண்ணுப் பாப்பாவப் புடிச்சு அகலமா நிறுத்திப்போடும். புண்ணு ஆற வரைக்கும் பாப்பா உள்ள ஒட்டிக்கப்படாதல்லோ."

சாக்கடையோரம் முள்ளுக்காயோடு நிற்கும் செடி. அதைத் தின்று செத்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த விஷத்தில் அளந்து எடுத்த ஒரு சொட்டு என் கண்ணுக்குள் காவல் நிற்கிறது. அன்று பஸ்ஸில் போகும்போது வழியில் தென்பட்ட ஊமத்தையை எல்லாம் எழுந்து நின்று பார்த்தேன்.

மறுவாரம் அன்னூர்க்காரர் மஞ்சப்பையோடு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க மருந்து எங்க வரப்புல சும்மா கெடக்குதுங்க. இந்தத் தம்பிக்குப் புழிஞ்சு உட்றலாமுங்களா?" என்றார் என்னைக் காட்டி.

பை நிறைய ஊமத்தை இலை. அக்கா பிடுங்கிக்கொண்டார்.

"உங்க கண்ணுல உட்டுக்கிட்டீங்களா?"

"இல்லீங்க. மொதல்ல தம்பிக்கு உட்டுப் பாக்கலாம்னுதானுங்க."

"எலைக்கு எலை வெசம் ஏறும், எறங்கும். கண்ணும் போயிருக்கும், ஆளும் போயிருப்பானுங்க."

அதோடு அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். "என்ற வாயால ஒரு கண்ணு போகப் பாத்துது" என்று என்னிடம் மட்டும் சொன்னார். பேச்சில்லாத பெஞ்சில் ஒருவராலும் கண்ணை மூடி இருக்க முடியவில்லை. அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று ஆளாளுக்குத் திறந்து பார்த்தார்கள். கடைசியில் டாக்டரே வெளியே வந்து, "பேசித் தொலைங்கம்மா" என்றார்.

பேசினார். ஆனால் அன்றிலிருந்து, "வரப்புல இருக்கறது வரப்புலயே இருக்கட்டுமுங்க" என்று எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கதை தொடங்கும்.

புண் ஆறியது. பார்வை தங்கிவிட்டது என்று டாக்டர் சொல்லி மருந்தை நிறுத்தினார். பாப்பா பழையபடி சுருங்குகிறதா என்று பார்க்க இரண்டு வாரம் கழித்துப் போனேன். அக்கா டார்ச் அடித்தார். அணைத்தார். மறுபடி அடித்தார்.

"சுருங்குதுங்களாக்கா?"

"சுருங்குது சாமி."

பெஞ்சு முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கதைக்குக் காத்திருந்தது. அக்கா தேவையே இல்லாமல் இன்னொரு முறை டார்ச் அடித்துப் பார்த்தார். நானும் காட்டிக்கொண்டு நின்றேன்.