கர்ப்பிணிகள் ஏன் வருவதில்லை?

கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுத்த நாடுகள் உண்டு, மாத்திரை கொடுத்த நாடுகள் உண்டு. கருத்தரங்கு கொடுத்த பெருமை எங்கள் 'தாய்நலச் சிந்தனை மைய'த்தையே சேரும். கருத்தரித்தவர்களுக்கான அரங்குதானே கருத்தரங்கு! நான் அதன் ஒருங்கிணைப்பாளன். நாற்காலி, மைக், போண்டா ஆகிய மூன்றையும் ஒருங்கே இணைப்பது என் பணி.

மரக்காணம் உப்பளப் பக்கத்தில் கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு ஒழுங்காக வருவதில்லை என்பதை எங்கள் தலைவர் முனைவர் தெய்வசிகாமணி அவர்கள் சென்னையில் இருந்தபடியே உணர்ந்தார். ஏன் என்று கண்டறிய, அங்கிருந்த துணை சுகாதார நிலையத்துக்கு எதிரிலேயே பந்தல் போட்டோம். நாள், செவ்வாய்க்கிழமை. அங்கே பரிசோதனை நாளும் அதுதான்.

"சார், இன்னிக்கு செக்கப் இருக்குது. எல்லாரும் வருவாங்க," என்றார் நர்ஸ் லூர்துமேரி.

"அதனாலதாம்மா இன்னிக்கு வெச்சோம்," என்றார் முனைவர். "கர்ப்பிணிங்க இல்லாத கூட்டத்துல கர்ப்பிணிங்களைப் பத்திப் பேசினா நல்லாவா இருக்கும்?"

லூர்துமேரிக்கு 'சேவைச் செம்மல்' விருது தருவதாக இருந்ததால் அவரை மேடையில் உட்கார வைத்தோம். நிலையத்தைப் பூட்டினோம். பிரஷர் பார்க்கும் மெஷினுக்கு மாலை போட்டு, கண்காட்சி மேஜையில் வைத்து, 'தொடாதீர்கள்' என்று நானே எழுதி ஒட்டினேன். அழகாக இருந்தது.

பெண்கள் வந்தார்கள், பூட்டைப் பார்த்தார்கள். எங்கள் தொண்டர்கள் அவர்களை அன்போடு நாற்காலிப் பக்கம் திருப்பிவிட்டார்கள். அரங்கு நிறைந்தது.

அவர்களில் ஒருத்தி பிரியங்கா. உப்பு வாரும் சுரேஷின் மனைவி, எட்டு மாதம். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் கையில் இருந்தது. கூடவே மாமியார் பாஞ்சாலை.

"நேத்துலேருந்து தலைவலி தாங்கல சார். பிரஷர் பாக்கணும்," என்றாள் பிரியங்கா என்னிடம்.

"கேள்வி நேரம் கடைசியிலதாம்மா," என்றேன். விதி விதிதான்.

முனைவர் பேசினார். உப்பைக் குறையுங்கள் என்று உப்பளத்துக்கே வந்து சொல்லும் துணிச்சல் வேறு யாருக்கு வரும்? ஒரு மணி நேரம் ஆனதும் 'கள ஆய்வு'க்காக மேடையை விட்டிறங்கி, பிரியங்காவிடம் மைக்கை நீட்டினார்.

"பயப்படாம சொல்லும்மா. செக்கப்புக்குப் போவக்கூடாதுன்னு யார் தடுக்கறாங்க? மாமியாரா?"

"அத்தைதான் சார் கூட்டியாந்தாங்க."

முனைவரின் முகம் வாடியது. "வீட்டுக்காரரு?"

"வேலைக்கிப் போவாம பைக்ல கொண்டாந்து வுட்டாரு. அதோ நிக்கிறாரு."

"மூடநம்பிக்கை? கொஞ்சமாவது இருக்குமே?"

"நான் பி.காம். சார்."

"அப்புறம் ஏன்தாம்மா நீங்கள்லாம் வர்றதில்ல?"

"வந்துட்டேனே சார்," என்றாள் பிரியங்கா. சொன்ன வேகத்தில் கண் இருட்டி, நாற்காலியோடு சாய்ந்தாள்.

"பாத்தீங்களா!" முனைவர் மைக்கில் முழங்கினார். "செக்கப்புக்கு வரலேன்னா இதான் கதி!" முதல் வரிசையில் இருந்த எங்கள் ஊழியர்கள் கைதட்டினார்கள்.

லூர்துமேரி பொன்னாடையை உதறிவிட்டு மேடையிலிருந்து குதித்தார். மாலையைப் பிய்த்து எறிந்து மெஷினைத் தூக்கினார். எழுதி ஒட்டியிருந்ததை நான் சுட்டிக்காட்டினேன்.

"நவுருங்க சார்!"

பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தவரின் முகம் வெளுத்தது. "ரொம்ப ஏறிக் கெடக்குது. ஃபிட்ஸ் வந்துடும். எந்த வண்டின்னாலும் எடுங்க!"

பந்தலருகே பைக்குகளை விட்டால் முனைவரின் கார் ஒன்றுதான் நின்றது. "அது சிறப்பு விருந்தினர் கார்," என்று விளக்கினேன்.

"என் மருமவள வுட இன்னாய்யா சிறப்பு விருந்தாளி?" என்று பாஞ்சாலை கதவைத் திறந்தாள்.

சுரேஷ் மனைவியைத் தூக்கிவந்து பின்சீட்டில் கிடத்தினான். பாஞ்சாலை அவள் தலையை மடியில் வைத்து, உப்பில் வெடித்த விரல்களால் நெற்றியை நீவிக்கொண்டே, "என்னப் பாரு கண்ணு, தூங்காத, என்னப் பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லூர்துமேரி முன்னால் ஏற, கார் திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. விழா சிறப்பாகத் தொடர்ந்தது. நன்றியுரையில் காருக்கும் நன்றி சொன்னேன்.

அன்றே ஆபரேஷன். பெண் குழந்தை. கையளவுதான் இருந்ததாம், கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். தாயும் பிழைத்தாள். விருதை அவமதித்ததாக லூர்துமேரி மீது நாங்கள் மேலிடத்தில் புகார் கொடுத்தோம். ஆய்வறிக்கையும் வெளிவந்தது: பரிசோதனை நாளன்று நிலையத்துக்குள் ஒரு கர்ப்பிணிகூடக் காலடி வைக்கவில்லை, காரணம், பெண்களின் அக்கறையின்மை.

அட்டைப்படத்துக்குத் தாயும் சேயும் தேவைப்பட்டதால், பிரியங்கா வீடு திரும்பிய பிறகு பழக்கூடையோடு போனோம். முனைவர் குழந்தையைக் கையில் வாங்கி, கேமராவைப் பார்த்துக்கொண்டே பரிவோடு கேட்டார்:

"இனிமேலாவது செக்கப்புக்கு ஒழுங்கா வருவியாம்மா?"

பாஞ்சாலை குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்:

"வருவா சார். நீங்க வராத நாளாப் பாத்துச் சொல்லுங்க."